டிக்கெட் விலை ஏறி இறங்குவது பாரமே!

(பட்டிமன்றத் தலைப்பு: 'பயணச்சீட்டு விலை நேரத்துக்கு நேரம் மாறுவது மக்களுக்கு லாபமா? பாரமா?' - 'பாரமே' என்ற அணியில் இரண்டாவதாகப் பேசியது.)

     

எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் ஒரே போடாகப் போட்டார். "ஒரு ரூபாய்க்கு விமானத்தில் பறந்தார்களே மக்கள், அது லாபம் இல்லையா?" என்று கேட்டுக் கைதட்டலை அள்ளிக்கொண்டு போய்விட்டார். நான் இல்லைன்னு சொல்லலை நடுவர் அவர்களே. 2003-ஆம் வருஷம் கேப்டன் கோபிநாத் ஏர் டெக்கான் விமானத்தைப் பறக்க விட்டார். ஒரு ரூபாய் டிக்கெட்னு விளம்பரமும் வந்தது. அவர் வாழ்க்கையைத் தழுவி 2020-இல் வந்த 'சூரரைப் போற்று' படத்தை நாங்களும் வீட்டோட உட்கார்ந்து பார்த்துக் கண்ணைத் துடைச்சவங்கதான். அதுவரைக்கும் ஆகாயத்தை அண்ணாந்து மட்டுமே பார்த்த பாட்டிமார்கள் விமானம் ஏறினாங்க. நல்ல விஷயம். மறுக்கவே மாட்டேன்.

ஆனால் அந்த ஒரு ரூபாய் சீட்டு ஒரு விமானத்திலே எத்தனை பேருக்கு? விரல் விட்டு எண்ணிடலாம். வரி வேறு தனி. பந்தியிலே முதல் நாலு இலைக்கு மட்டும் லட்டு வைத்துவிட்டு, மத்த இலைக்கெல்லாம் உப்பு மட்டும் வைத்தால் அதற்குப் பேர் விருந்தா ஐயா? (கைதட்டல்)

நண்பர் இன்னொரு உதாரணமும் சொன்னார். "விமானத்தில் காலியாகப் போகிற சீட்டு வாடிப்போன பூ மாதிரி. மறுநாள் விற்க முடியாது. அதனால்தான் விலையை ஏற்றி இறக்கி விற்கிறார்கள்" என்றார். பூ உதாரணத்தை ஒரு மதுரைக்காரியிடம் சொல்லலாமா? மாட்டிக்கிட்டாரே! (சிரிப்பு)

மல்லிகைப்பூ காலையில் ஒரு விலை. சாயங்காலம் என்ன விலை? பூக்காரம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு நம்ம வாசலுக்கே வந்து, "தாயி, வாடிரும் தாயி, குடுக்கிறதைக் குடு" என்று சொல்லி இரண்டு முழம் கூடவே வைத்துவிட்டுப் போகும். நேரம் ஆக ஆக விலை இறங்கும். அது வியாபாரம். விமானத்திலே என்ன நடக்கிறது? புறப்படுகிற நேரம் நெருங்க நெருங்க விலை ஏறுகிறது! வாடப்போகிற பூவுக்கு வைரத்தின் விலை! இது எந்த ஊர்ப் பூ நடுவர் அவர்களே? (பலத்த சிரிப்பு)

ஏன் ஏறுது? கடைசி நேரத்தில் வாங்க வருகிறவன் யார்? வேறு வழி இல்லாதவன். என்ன விலை சொன்னாலும் போயே ஆகவேண்டியவன். அவனுக்காகத்தான் அந்தச் சீட்டை வைத்திருக்கிறார்கள். பூக்காரம்மா பார்த்தது பூவை. இவர்கள் பார்ப்பது நம்ம கழுத்தை.

இது எங்கே ஆரம்பிச்சது என்று கொஞ்சம் சொல்கிறேன். அமெரிக்காவிலே 1978-இல் விமானக் கட்டணத்தின் மேல் இருந்த அரசாங்கக் கட்டுப்பாட்டை எடுக்கச் சட்டம் போட்டார்கள். 1981-இல் பீப்பிள் எக்ஸ்பிரஸ் என்று ஒரு கம்பெனி பறக்க ஆரம்பித்தது. டிக்கெட் மலிவோ மலிவு. ஜனங்கள் அங்கே ஓடினார்கள். பெரிய கம்பெனியான அமெரிக்கன் ஏர்லைன்ஸ் யோசித்தது. எல்லா சீட்டுக்கும் விலையைக் குறைத்தால் கட்டுப்படி ஆகாது. அதனால் 1985 ஜனவரியில், கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுச் சில சீட்டுக்கு மட்டும் விலையை அடியோடு குறைத்தது. அதற்கு நிபந்தனைகள்: பல நாள் முன்னாலேயே வாங்க வேண்டும், போன ஊரிலே சனிக்கிழமை ராத்திரி தங்க வேண்டும்.

அது என்ன சனிக்கிழமை ராத்திரி? எண்ணெய் தேய்த்துக் குளிக்கவா? (சிரிப்பு) இல்லை ஐயா. ஆபீஸ் வேலையாகப் போகிறவன் சனிக்கிழமை வீட்டுக்குத் திரும்பிவிடுவான். அவனுக்குக் கம்பெனி காசு கொடுக்கும். அவனிடம் முழு விலை வாங்கலாம். சுற்றிப் பார்க்கப் போகிறவன் தங்குவான். அவனுக்கு மலிவு விலை. ஆளை எடை போட ஒரு தராசு! பீப்பிள் எக்ஸ்பிரஸ் 1987-இல் வேறொரு கம்பெனிக்குள் கரைந்தே போனது. தராசு மட்டும் உலகம் பூராவும் பரவிவிட்டது. அன்றிலிருந்து டிக்கெட் விலை என்பது, "இந்த சீட்டுக்கு எவ்வளவு செலவு?" என்ற கேள்விக்குப் பதில் இல்லை. "உனக்கு எவ்வளவு அவசரம்?" என்ற கேள்விக்குப் பதில்.

ஒரே வரிசை. ஒரே மாதிரி சீட்டு. ஜன்னல் ஓரத்துக்காரர் 3,000 கொடுத்திருப்பார். நடுவில் இருப்பவர் 5,000. இந்த ஓரத்துக்காரர் 9,000. மூணு பேருக்கும் முழங்கால் இடிக்கிறது மட்டும் ஒரே அளவு! (சிரிப்பு, கைதட்டல்)

குடும்பமாகப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம் சொல்கிறேன், தாய்மார்கள் குறித்துக்கொள்ளுங்கள். விமான சீட்டுகளைப் பல விலைக் கட்டுகளாகப் பிரித்து வைத்திருப்பார்கள். மலிவுக் கட்டில் இரண்டு சீட்டு மட்டும் மிச்சம் என்று வையுங்கள். நீங்கள் நாலு பேருக்குச் சேர்த்துக் கேட்டால், இரண்டு மலிவு, இரண்டு அதிகம் என்று பெரும்பாலும் வராது. நாலையும் தூக்கி மேல் விலையில் வைத்துவிடும். அதனால் முதலில் ஒருவருக்கு என்ன விலை என்று பாருங்கள். அப்புறம் நாலு பேருக்குப் பாருங்கள். தலைக்கு விலை ஏறினால், இரண்டு இரண்டாகப் பிரித்து வாங்குங்கள். ஒற்றுமையாகக் கேட்டால் விலை ஏறுகிற ஒரே இடம் இதுதான்! இதை நான் சொன்னதும் எங்க வீட்டுக்காரர், "அப்போ நான் தனியாவே போயிட்டு வரட்டுமா?" என்றார். முகத்திலே அவ்வளவு சந்தோஷம்! (பலத்த சிரிப்பு)

சரி, விமானம் பணக்காரர் சமாச்சாரம், ரயில் இருக்கே என்பீர்கள். ரயிலிலே ஒரு தர்மம் இருந்தது. இத்தனை கிலோமீட்டர், இந்த வகுப்பு, இவ்வளவு கட்டணம். மந்திரியின் மகன் போனாலும் அதே காசு, மண்வெட்டி எடுப்பவர் போனாலும் அதே காசு. 1997 டிசம்பரில் தட்கல் வந்தது. அவசரக்காரர்களுக்கு உதவி என்றார்கள். சரி என்றோம். 2014-இல் பிரீமியம் தட்கல் என்று ஒன்று வந்தது. அதிலே சீட்டு விற்க விற்க விலை ஏறும். 2016 செப்டம்பர் 9 முதல் ராஜதானி, சதாப்தி, துரந்தோ வண்டிகளில் ஒரு புது முறை. நூற்றுக்குப் பத்து சீட்டு விற்றால் விலையில் பத்து சதவீதம் ஏறும்; அடுத்த பத்து விற்றால் இன்னொரு பத்து; ஐம்பது சதவீதம் வரை ஏறும். இதிலே வேடிக்கை என்ன தெரியுமா? முதல் வகுப்பு ஏசிக்கு இந்த ஏற்றம் கிடையாது! மெத்தையில் படுக்கிறவருக்கு நிலையான விலை, மிடில் பெர்த்தில் மடங்கிப் படுக்கிறவருக்கு மாறுகிற விலை. என்ன நியாயம் ஐயா இது? (கைதட்டல்)

பலன் என்ன? மத்திய தணிக்கைத் துறையே 2018-இல் கணக்குப் பார்த்துச் சொன்னது. அந்த வண்டிகளிலே ரயில்வேக்கு 552 கோடி ரூபாய் கூடுதல் வருமானம். ஆனால் முந்தின வருஷத்தோடு ஒப்பிட்டால் 6.75 லட்சம் பயணிகள் குறைவு. அந்த 6.75 லட்சம் பேரும் ஊருக்கே போக வேண்டாம் என்று முடிவு செய்தவர்களா? வேறு வண்டியிலே நெருக்கியடித்துக்கொண்டு போயிருப்பார்கள். அந்த வருஷமே பதினைந்து வண்டிகளிலே இந்த முறையை எடுத்தார்கள்; மற்ற வண்டிகளுக்கு ஏற்றத்தின் எல்லையை ஐம்பதிலிருந்து நாற்பது சதவீதமாகக் குறைத்தார்கள். பாரம் இல்லை என்றால் ஏன் இறக்கினார்கள்? எதிரணி பதில் சொல்லட்டும்.

இப்போது எதிரணியின் பிரம்மாஸ்திரத்துக்கு வருகிறேன். "கம்ப்யூட்டர் தப்பு செய்து, லட்ச ரூபாய் டிக்கெட்டை ஆயிரத்துக்குப் போடுகிறதே, அது மக்களுக்கு அதிர்ஷ்டம் இல்லையா?" என்று கேட்டார்கள். உண்மைதான். 2006-இல் அலிடாலியா கம்பெனி கனடாவின் டொராண்டோவிலிருந்து சைப்ரஸ் போகிற உயர்வகுப்பு டிக்கெட்டுக்கு 3,900 டாலர் என்று போடுவதற்குப் பதிலாக 39 டாலர் என்று போட்டுவிட்டது. இரண்டு சைபர் காணாமல் போனது! ஜனங்கள் விழுந்தடித்து வாங்கினார்கள். கம்பெனி அந்த டிக்கெட்டுகளை மதித்தது. 2019 ஜனவரி 1-ஆம் தேதி, வியட்நாமிலிருந்து வட அமெரிக்கா போகிற உயர்வகுப்பு டிக்கெட்டுகளை கேத்தே பசிபிக் கம்பெனி அடிமாட்டு விலைக்கு விற்றுவிட்டது. மறுநாள், "தப்பு எங்களுடையதுதான், வாங்கியவர்கள் வாருங்கள்" என்று வரவேற்றது. அந்த இரண்டு கம்பெனிக்கும் இந்த மேடையிலிருந்து ஒரு கும்பிடு போடுகிறேன்.

ஆனால் எல்லோரும் அப்படியா? 2015 பிப்ரவரியில் யுனைடெட் ஏர்லைன்ஸின் டிக்கெட், டென்மார்க் நாட்டுப் பணமான குரோனுக்கு மாற்றுகிற கணக்கில் தப்பாகிப் போனது. லண்டனிலிருந்து அமெரிக்காவுக்கு முதல் வகுப்பு, நூறு டாலருக்கும் கீழே. ஆயிரக்கணக்கான பேர் காசு கட்டி வாங்கினார்கள். கம்பெனி அத்தனையையும் ரத்து செய்தது. அமெரிக்க அரசாங்கமும் அதைத் தடுக்கவில்லை. அந்த வருஷம் மே மாதத்திலேயே, விலை தப்பாக விழுந்தது என்று கம்பெனி நிரூபித்து, வாங்கியவரின் பணத்தையும் அதை நம்பி அவர் செய்த நியாயமான செலவையும் திருப்பிக் கொடுத்தால், டிக்கெட்டை ரத்து செய்யலாம், நடவடிக்கை இல்லை என்று அறிவித்துவிட்டார்கள்.

இங்கேதான் நடுவர் அவர்களே, என் வாதத்தின் உயிர் இருக்கிறது. கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள்.

தப்பு மனித இயல்பு. கம்பெனிக்காரரும் மனுஷர்தான். மன்னிக்கலாம். ஆனால் அதே மன்னிப்பு நமக்கு உண்டா?

சில வருஷத்துக்கு முன்னால் எங்க நாத்தனார் வீட்டுக் கல்யாணத்துக்கு டெல்லி போகணும். எங்க வீட்டுக்காரர் டிக்கெட் போட்டார். நம்ம தமிழ்நாட்டுப் பேருக்கு முன்னாலே ஒரு எழுத்து, அவ்வளவுதான். அந்தக் கம்ப்யூட்டரோ குடும்பப் பேர் என்ன, கூப்பிடுற பேர் என்ன என்று கேட்கிறது. அந்தப் பதற்றத்திலே மனுஷர் என் பேரைப் பின்னால போட்டு, எங்கப்பா பேரை முன்னால போட்டு, தலைப்பிலே 'மிஸ்டர்' என்று வேறு அழுத்திவிட்டார்! முப்பது வருஷம் குடும்பம் நடத்தின பிறகு நான் ஆம்பளையாகிவிட்டேன்! (பலத்த சிரிப்பு) மூணாம் நாள்தான் பார்த்தோம். போன் பண்ணிக் கேட்டால், "மேடம், திருத்தணும்னா 3,000 ரூபாய் ஆகும்" என்கிறார்கள். "ஏம்மா, அது கை தவறிப் போட்டதும்மா" என்றேன். "எங்க ரூல் அப்படித்தான் மேடம்" என்றது அந்தப் பொண்ணு. பாவம், அதுவும் சம்பளத்துக்கு வேலை செய்யுது. அதைச் சொல்லிக் குத்தமில்லை.

பாருங்கள் ஐயா. அவர்கள் சைபரை விட்டுவிட்டால் அது பிழை, ரத்து செய்துகொள்ளலாம். நாம் எழுத்தை மாற்றிப் போட்டால் அது குற்றம், அபராதம் கட்டவேண்டும். விலை தப்பாக இறங்கினால் அது கம்ப்யூட்டர் கோளாறு. விலை கண்மண் தெரியாமல் ஏறினால் அது மட்டும் சந்தையின் தர்மமா? இரண்டையும் போட்டது ஒரே கம்ப்யூட்டர்தானே! மூணு ரூபாய் சாமானை முப்பது ரூபாய்க்கு விற்றுவிட்டு, "ஐயோ, தப்பாகப் போயிடுச்சு, இந்தாங்க மிச்சம்" என்று எந்தக் கம்பெனியாவது நம்மைக் கூப்பிட்டுக் கொடுத்திருக்கிறதா? (நீண்ட கைதட்டல்)

நம்ம நாட்டிலே 2019-இல் விமானப் பயணிகளுக்கு ஒரு சாசனம் வந்தது. டிக்கெட் வாங்கி 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்தால் அபராதம் இல்லை என்றது அது. நல்ல விதி. ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது: பயணத்துக்கு இன்னும் ஏழு நாளாவது இருக்கவேண்டும். நாளைக்கே போக வேண்டியவனுக்கு அது கிடைக்கவில்லை. அவசரம்தானே தப்பு செய்ய வைக்கிறது? அவசரக்காரனுக்குத்தான் அந்தக் கதவு மூடியிருந்தது.

(மணி அடிக்கிறது)

முடித்துவிடுகிறேன் நடுவர் அவர்களே. இரண்டே நிமிஷம். இதைச் சொல்லாமல் இறங்கினால் எனக்கு மனசு ஆறாது.

2018-ஆம் வருஷம், தீபாவளிக்கு நாலு நாள் இருக்கும்போது எங்கப்பா தவறிப்போனார். மதுரையிலே. என் தம்பி டெல்லியிலே ஒரு ஓட்டலில் சமையல் வேலை. காலையிலே ஏழு மணிக்குப் போன் பண்ணினேன். அவன் அழுதுகொண்டே டிக்கெட் பார்த்திருக்கிறான். 14,000 ரூபாய். கையிலே 6,000தான் இருக்கு. கூட வேலை பார்க்கிற பையன்களிடம் ஐநூறும் ஆயிரமுமாகச் சேர்த்திருக்கிறான். மத்தியானம் காசைச் சேர்த்துக்கொண்டு மறுபடி பார்த்தால், 23,000.

நடுவர் அவர்களே, அந்தப் பிள்ளை ரயிலிலே முன்பதிவு இல்லாத பெட்டியில், வாசப்படி ஓரத்திலே உட்கார்ந்து சென்னைக்கு வந்து, அங்கேயிருந்து மதுரை வந்து சேர்ந்தபோது மூணாவது நாள். அதற்குள் நாங்கள் எடுத்துவிட்டோம். ஐஸ் பெட்டியிலே வைத்துப் பார்த்தோம், பெரியவங்க இனிமே தாங்காதுன்னு சொல்லிட்டாங்க. கொள்ளி வைக்க வேண்டிய பிள்ளைக்குப் பதில் சித்தப்பா மகன் வைத்தான். தம்பி வாசலிலே வந்து நின்று, உள்ளே மாலை போட்டு மாட்டியிருந்த படத்தைப் பார்த்தான். எங்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் சொன்னான்: "அக்கா, ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் விலை ஏறிக்கிட்டே இருந்துச்சுக்கா. நான் அழுறது அதுக்குத் தெரியலைக்கா."

(அரங்கில் அமைதி)

தெரியாதுதான் ஐயா. சீட்டு குறையுது, நாள் நெருங்குது, இது இரண்டும்தான் அதற்குத் தெரியும். சுற்றுலா போகிறவனும் சாவுக்குப் போகிறவனும் அதற்கு ஒன்றுதான். அதற்குத் தெரியாது என்பதால்தான், தெரிந்த மனிதர்கள் அதற்கு ஒரு கூரை போடவேண்டும் என்கிறேன்.

முடியாதா? முடியும். 2020 மே மாதம், கொரோனா காலத்திலே, விமானக் கட்டணத்துக்குக் கீழ் எல்லையும் மேல் எல்லையும் அரசாங்கம் வைத்தது. 2022 ஆகஸ்ட் முடிய வைத்திருந்தது. 2025 டிசம்பரில் இண்டிகோ விமானங்கள் நூற்றுக்கணக்கில் ரத்தாகி, மற்ற கம்பெனிகளின் விலை கூரையைப் பிய்த்துக்கொண்டு போனதே, அப்போது டிசம்பர் 6-ஆம் தேதி மறுபடி எல்லை வைத்தார்கள். 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய், 1,000 வரை 12,000, 1,500 வரை 15,000, அதற்கு மேல் எவ்வளவு தூரமானாலும் 18,000. ஒரே நாளில் உத்தரவு! அப்படி ஒரு எல்லை 2018-இல் இருந்திருந்தால், பையன்கள் இன்னும் கொஞ்சம் கைகொடுத்து, என் தம்பி அன்று ராத்திரியே அப்பா முகத்தைப் பார்த்திருப்பான். நாட்டுக்கு நெருக்கடி வந்தால் போடுகிற கூரையை, ஒரு வீட்டுக்கு நெருக்கடி வரும்போதும் போடக்கூடாதா?

விலையே மாறக்கூடாது என்று நான் சொல்லவில்லை. முன்னால் வாங்குகிறவனுக்குக் குறையுங்கள், சந்தோஷம். ஆனால் ஏறுவதற்கு ஒரு எல்லை வேண்டும். உங்கள் பிழைக்கு என்ன மன்னிப்போ, அதே மன்னிப்பு எங்கள் பிழைக்கும் வேண்டும். இது இரண்டும் வருகிற வரைக்கும், ஏறி இறங்குகிற விலை திட்டம் போட்டு வாழ முடிந்தவனுக்கு லாபமாக இருக்கலாம். திடீரென்று அழைப்பு வருகிற ஏழைக்கு அது பாரமே, பாரமே, பாரமே என்று நல்லதொரு தீர்ப்பைத் தாருங்கள் என்று கேட்டு அமர்கிறேன்.



(நீண்ட கைதட்டல்)